வசந்தகாலப் பனியும் பத்து நிமிடக் கணக்கும்



அண்மையில் எமது சிகிச்சை நிலையத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு தாயார், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிய பின்னரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. "டொக்டர், இன்னொரு விசயம் கேக்கோணும். மகன் செப்ரெம்பர் லீவுக்குக் கூட்டாளிமாரோட பொகொங் மலைக்குப் போகப்போறானாம். ரிசோட் இல்லையாம், லிப்றும் இல்லையாம். சறுக்குக் கட்டையோட நடந்தே ஏறுறதாம். போகவேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை, அவரது அனுமதியுடன், இங்கே சற்று விரிவாக எழுதுகின்றோம். ரோவில்லிலும் அயலிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் இப்போது பனிமலைக்குப் போவது படம் எடுக்க மட்டுமல்ல. சறுக்குக் கட்டையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டி, ரிசோட் எல்லைக்கு வெளியே தாமே மலையேறி, உச்சியில் பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குகிறார்கள். உடலுக்கும் மனதுக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே வழியைச் சோதித்துத் திறந்துவிடும் காவலர் குழு கிடையாது. வெயில் இதமாக இருக்கும் வசந்தகாலத்தில் இதன் ஆபத்து எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே அறிந்திருக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் பனிச்சரிவு வருமா?

"அது கனடாவிலும் சுவிசிலும் வாறது, இங்கே இல்லை" என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. 1956 ஜூலையில் கொஸியஸ்கோ மலைப்பகுதியிலிருந்த குனாமா குடிலைப் பனிச்சரிவு அடித்து நொறுக்கியதில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2014 ஜூலையில் விக்ரோரியாவின் மிக உயர்ந்த மலையான பொகொங்கில் (1986 மீற்றர்) அனுபவம் மிக்க இரண்டு பனிப்பலகை வீரர்கள் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள்.

சரிவு மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 1936 ஓகஸ்டில் அதே பொகொங் மலையில் பனிப்புயலில் அகப்பட்ட மூவரில் கிளீவ் கோல் என்பவர் குளிரால் இறந்தார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட கற்குடில் இன்றும் மலையேறுவோருக்குப் புகலிடமாக நிற்கிறது. 1999 ஓகஸ்டில் கொஸியஸ்கோ பகுதியில் நான்கு பேர் புயலுக்கு ஒதுங்கப் பனியைக் குடைந்து குகை அமைத்தார்கள். கொட்டிய பனி வாசலை அடைத்துவிட, மூச்சுத்திணறி நால்வருமே இறந்தார்கள். நவம்பரில் பனி உருகத் தொடங்கிய பின்னர்தான் உடல்கள் கிடைத்தன.

வசந்தத்தில் பனிக்கு என்ன நடக்கிறது?

இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு நன்றாக உறைந்து இறுகும். காலையில் அதன்மேல் நடந்தால் கல்லில் நடப்பது போலிருக்கும். வெயில் ஏற ஏற மேலே உள்ள பனி உருகி, அந்த நீர் உள்ளே இறங்குகிறது. பனித்துகள்களைப் பிணைத்திருந்த உறைவு கரைந்துபோகிறது. ஈரமான சீனி மூட்டையை நினைத்துப் பாருங்கள். காலையில் கட்டியாக இருந்தது மதியத்தில் கூழாகிவிடுகிறது. கூழான பனி, செங்குத்தான சரிவில் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் வழுக்கி இறங்குகிறது. 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன.

இரவு முழுவதும் முகிலாக இருந்தால் பனி உறைவதே இல்லை. அன்று காலையிலேயே ஆபத்து தொடங்கிவிடும். பனிமேல் மழை பெய்தாலும் அப்படித்தான்.

புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோ நிறை கொண்டது. வசந்தகால ஈரப்பனியோ 400, 500 கிலோ வரை இருக்கும். அது மெதுவாகத்தான் ஓடும். ஆனால் நின்ற கணத்திலேயே சீமெந்து போல இறுகிவிடும். புதையுண்டவர் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது.

இங்கே ஒரு முக்கிய குறிப்பு. சுவிசிலும் நோர்வேயிலும் கனடாவிலும் உள்ள மச்சான்மாரிடம் பனிச்சறுக்கல் பழகிய பிள்ளைகள், "தெற்குப் பக்கச் சரிவு வெயிலில் இளகும்" என்று கற்றிருப்பார்கள். நாம் வாழ்வது தென் அரைக்கோளம். இங்கே வெயில் அதிகம் படுவது வடக்கு நோக்கிய சரிவுகளில். காலையில் கிழக்குச் சரிவும் பிற்பகலில் மேற்குச் சரிவும் இளகும்.

மலை தரும் எச்சரிக்கைகளையும் அறிந்திருக்க வேண்டும். கால் கணுக்காலுக்கு மேல் புதைவது, பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது, காலடியில் வெடிப்பு ஓடுவது, "வும்ப்" என்று பனி அமுங்கும் சத்தம் கேட்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி விளிம்பில் காற்று கட்டிவைத்த பனிக்கூரை கண்ணுக்கு நிலம்போலத் தெரியும். அதன் கீழே வெற்றிடம். அதன்மேல் நிற்கக்கூடாது, அதன் கீழேயும் நிற்கக்கூடாது.

புதையுண்டவரின் உடலில் நடப்பது என்ன?

பனியில் புதைந்தவர் குளிரில் விறைத்து இறக்கிறார் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குளிர் கொல்வதற்கு முன்னரே மூச்சுத்திணறல் கொன்றுவிடுகிறது. பனிச்சரிவில் இறப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் மூச்சுத்திணறியும், எஞ்சியோரில் பெரும்பாலானவர்கள் மரத்திலோ பாறையிலோ அடிபட்டும் இறக்கிறார்கள். குளிர் மட்டுமே காரணமான மரணம் மிகக் குறைவு.

வாயும் மூக்கும் பனியால் அடைபட்டால் அங்கேயே சுவாசம் நின்றுவிடும். அடைபடாவிட்டாலும், வெளிவிடும் மூச்சின் வெப்பம் முகத்தின் முன்னுள்ள பனியை உருக்கி, அது மீண்டும் உறைந்து பனிக்கட்டி முகமூடி போலாகிறது. வெளியே விட்ட கரியமில வாயுவையே திரும்பத் திரும்பச் சுவாசித்து மயக்கமடைகிறார்.

சுவிற்சர்லாந்தில் நாற்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பியிருக்கிறார்கள். 30 நிமிடம் ஆகும்போது தப்புவோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். முன்னர் மருத்துவ நூல்கள் இந்த நல்ல காலத்தைப் பதினைந்து, பதினெட்டு நிமிடம் என்று சொல்லிவந்தன. இப்போது அது பத்தாகச் சுருங்கிவிட்டது.

மெல்பேணிலிருந்து பொகொங் அடிவாரத்துக்கே நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட கார் ஓட்டம். ஹெலிகொப்ரர் வருவதும் வானிலையைப் பொறுத்தது. பத்து நிமிடத்துக்குள் எந்த வைத்தியரும் எந்த அம்புலன்சும் வந்து சேராது.

அதிசயமாகத் தப்பியவர்கள்

2016 பெப்ரவரி 3 ஆம் திகதி, சியாச்சின் பனிமலையில் இந்திய இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களின் முகாமைப் பனிச்சரிவு மூடியது. புதையுண்ட பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். கூடாரத்துள் அவருக்குச் சிறிது காற்றிடம் கிடைத்திருந்தது என்று சொல்லப்பட்டது. நாடே பிரார்த்தித்தது. ஆயினும் பெப்ரவரி 11 ஆம் திகதி டில்லி இராணுவ வைத்தியசாலையில் அவர் காலமானார். மற்ற ஒன்பது பேரும் முன்னரே இறந்துவிட்டிருந்தார்கள்.

நோர்வேயில் நடந்தது வேறு மாதிரி. 1999 மே மாதம் நார்விக் நகருக்கு அருகே ஆனா பொகன்ஹோல்ம் என்னும் இளம் பெண் வைத்தியர், வேலைத்தல நண்பர்கள் இருவருடன் மலையில் சறுக்கிக்கொண்டிருந்தார். வசந்தகாலம். உறைந்த ஓடை ஒன்றில் தலைகீழாக விழுந்து பனிக்கட்டியின் கீழ் சிக்கிக்கொண்டார். ஓடும் நீருக்கு மேலே கிடைத்த சிறு காற்றிடத்தில் சுமார் 40 நிமிடம் மூச்சுவிட்டார். பின்னர் இருதயம் நின்றது. 80 நிமிடங்களின் பின் வெளியே எடுத்தபோது நண்பர்கள் உடனே உயிர்ப்பிப்பு முயற்சியைத் தொடங்கினார்கள். துரொம்சோ வைத்தியசாலையை அடைந்தபோது உடல் வெப்பநிலை 13.7 பாகை செல்சியஸ். இருதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியுடன் உடலைச் சூடேற்றி அவரை மீட்டார்கள். பிற்காலத்தில் அவர் அதே வைத்தியசாலையில் வைத்தியராகப் பணிபுரிந்தார்.

இவற்றிலிருந்து நாம் கற்பது மூன்று. மூச்சுவிடக் காற்று இருந்தால்தான் குளிர் கால அவகாசம் தரும். குளிர்ந்துபோனவரை, உடலைச் சூடேற்றிப் பார்க்கும்வரை இறந்தவர் என்று முடிவு செய்யக்கூடாது. அந்தப் பெண்ணின் அருகே நண்பர்கள் இருந்தார்கள் என்பதே மூன்றாவதும் முக்கியமானதும்.

பக்கத்தில் நிற்பவரே அம்புலன்ஸ்

எமது தலைமுறைக்குப் பதுங்குகுழி தெரியும். குண்டு விழுந்து குழி இடிந்து மண் மூடியபோது யார் காப்பாற்றினார்கள்? அருகே இருந்தவர்கள்தான். மண்வெட்டி கிடைத்தால் மண்வெட்டியால், இல்லாவிட்டால் கையால் தோண்டினார்கள். வைத்தியர்களாகிய எங்களிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிழைத்தவர்கள், ஏற்கெனவே அயலவரால் முகம் வெளியே எடுக்கப்பட்டவர்கள். பனியிலும் விதி இதுவே.

ஆகவே ஒவ்வொருவரும் தம் உடலில் மூன்று பொருட்களைக் கொண்டுசெல்ல வேண்டும். முதலாவது, ரான்சீவர் என்னும் சமிக்ஞைக் கருவி. ஏறத் தொடங்கும்போதே அது எல்லோரிடமும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, மடித்து நீட்டக்கூடிய ஆய்வுக்கோல். மூன்றாவது, உலோகச் சவள். ஒருவரிடம் இருந்தால் போதாது, ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வாங்கினால் போதாது, பயிற்சி வகுப்பில் பழகியிருக்கவும் வேண்டும்.

சரிவு நிகழ்ந்தால் செய்யவேண்டியவை:

1. நண்பர் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆபத்து உண்டா என்று மேலே பாருங்கள்.

2. எல்லோரும் தத்தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். கைத்தொலைபேசி சமிக்ஞையைக் குழப்பும், அதைக் கருவியிலிருந்து தள்ளி வையுங்கள். பலர் இருந்தால் ஒருவர் மட்டும் 000 ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் தேடட்டும்.

3. கோல் தட்டுப்பட்டதும் அதை எடுக்காதீர்கள். அதற்குச் சற்றுக் கீழ்ப்பக்கச் சரிவிலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு தொன் பனியையாவது அள்ளவேண்டி வரும். மாறி மாறித் தோண்டுங்கள்.

4. முதலில் முகம், பின்னர் நெஞ்சு. வாய்க்குள் உள்ள பனியை எடுத்துவிடுங்கள். மூச்சில்லையென்றால் உயிர்ப்பிப்பு முயற்சியைத் தொடங்குங்கள். மூச்சடைத்தவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் அவசியம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

அகப்படுபவருக்கும் ஒரு சொல். பொல்லுகளை விட்டுவிடுங்கள், பக்கவாட்டில் வெளியேற முயலுங்கள். பனி நிற்கப்போகிறது என்று உணரும்போது கைகளை முகத்தின் முன் கொண்டுவந்து காற்றிடம் உண்டாக்குங்கள்.

குளிர்ந்துபோனவரைக் கையாளுதல்

உடல் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது குளிர்தாக்கம். முதலில் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், கைத் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல். 32 பாகையளவில் நடுக்கம் குறையத் தொடங்கும். நடுக்கம் நின்றுவிட்டது, ஆள் சரியாகிவிட்டார் என்று எண்ணாதீர்கள். அது மோசமாகிறது என்பதன் அறிகுறி.

அவரைப் படுக்கவைத்து, கீழேயும் மேலேயும் குளிர் படாமல் மூடுங்கள். காற்றுப்படாத இடத்தில் ஈர உடையை மாற்றுங்கள். முழு நினைவுடன் விழுங்கக்கூடியவருக்கு மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். எமது வீடுகளில் சித்தாலேப பூசிக் கை கால்களை உரஞ்சித் தேய்க்கும் வழக்கம் உண்டு. இங்கே அது கூடாது. பிராண்டியும் கூடாது. கடுமையாகக் குளிர்ந்த உடலைக் குலுக்கினாலோ முரட்டுத்தனமாக அசைத்தாலோ இருதயத் துடிப்பு குழம்பி நின்றுவிடக்கூடும்.

நம்மவர் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு எமது சமூகத்தில் அதிகம். இன்சுலின் உறைந்தால் பயனற்றதாகிவிடும், அதை உள்ளாடைப் பையில் உடல் சூட்டில் வைத்திருங்கள். சீனி பார்க்கும் கருவியும் கடும் குளிரில் பிழையாகக் காட்டலாம். இரத்தத்தில் சீனி குறைவதும் குளிர்தாக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும் என்பதை நண்பர்களுக்குச் சொல்லிவையுங்கள். ஆஸ்துமா உள்ளோர் பம்பை உள்பையில் வைத்திருக்க வேண்டும்.

"நாங்கள் கறுப்புத்தானே, எங்களுக்கு வெயில் சுடாது" என்பதும் தவறு. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி அணியாவிட்டால் அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியது போன்ற வலி வரும்.

பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள்

"போகாதே" என்று சொன்னால் பிள்ளை சொல்லாமல் போவான், அல்லது போவாள். எங்கே போனார்கள் என்று தெரியாத வீடே மிகவும் ஆபத்தான வீடு. ஆகவே கேள்வி கேளுங்கள்.

1. எத்தனை பேர் போகிறீர்கள்? மூன்று பொருளும் ஒவ்வொருவரிடமும் உண்டா? பாவிக்கப் பழகினீர்களா?

2. எந்த வழியால் ஏறி, எந்த வழியால், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? விடியற்காலை புறப்பட்டு, பனி இளகுமுன் செங்குத்துச் சரிவை விட்டு இறங்குவதே வசந்தகால வழக்கம்.

3. முதல் நாள் இரவு மலையில் பனி உறையும் என்று வானிலை அறிக்கை சொல்கிறதா? உறையாவிட்டால் என்ன செய்வீர்கள்?

4. எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் நாங்கள் 000 ஐ அழைக்க வேண்டும்?

5. செய்மதி வழியாக உதவி கோரும் பி.எல்.பி. கருவி உண்டா? பதிவு செய்யப்பட்டுள்ளதா? பதிவுக்குக் கட்டணம் இல்லை. மலையில் பல இடங்களில் கைத்தொலைபேசி எடுபடாது.

இத்துடன் அம்புலன்ஸ் விக்ரோரியா அங்கத்துவம் உண்டா என்றும் பாருங்கள். அம்புலன்ஸ் செலவை மெடிகெயார் ஏற்பதில்லை. ஹெலிகொப்ரர் வந்தால் ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம் வரும்.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தாயார் மறுபடி வந்தார். மகனிடம் கேள்விகளைக் கேட்டாராம். முதல் கேள்வியிலேயே அவன் தடுமாறிப்போனானாம். நால்வரில் இருவரிடம் மட்டுமே கருவி இருந்திருக்கிறது. இப்போது பயணத்தைப் பிற்போட்டு, நால்வரும் பயிற்சி வகுப்புக்குப் பதிந்திருக்கிறார்கள். "கோவிச்சவன்தான் டொக்டர், ஆனா பேந்து எனக்கு அந்தச் சாமானைக் காட்டித் தந்தவன், வீட்டுக் கராஜுக்குள்ள ஒளிச்சு வைச்சுத் தேடிப் பழகினவங்கள்" என்றார். அன்று அவரது இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தே இருந்தது.

மலை எங்கும் போகாது, அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். திரும்பி வரத் தெரிந்த பிள்ளையே மலையேறத் தெரிந்த பிள்ளை. வருமுன் காப்போம்.